கூப்பிட்டாங்க, போனேன்

சார், பேச்சிமுத்துவைப் பற்றி எழுத வந்திருக்கிற பத்திரிகைக்காரர் நீங்கதானே? பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் கல்லூரிக்குள் சட்டைப் பையில் பேனா வைத்துக்கொண்டு வாத்தியார்களே வருவதில்லை. இப்படி உட்காருங்க. அந்த பெஞ்சு வேண்டாம், ஒரு கால் ஆடும். மாஸ்டர், ரெண்டு டீ! ஒன்று வெளியூர்க்காரருக்கு, கிளாஸைக் கழுவிப் போடுங்க.

முதல்வரைப் பார்த்துவிட்டீர்களா? என்ன சொன்னார்? இருங்க, நானே சொல்கிறேன். "அதாவது தம்பி... பேச்சிமுத்து வந்து... நம்ம கல்லூரியோட ஒரு... முத்து." சிரிக்கிறீங்க பாருங்க! அந்த 'ஒரு'வுக்கும் 'முத்து'வுக்கும் நடுவில் பல்செட்டை நாக்கால் ஒரு தள்ளு தள்ளினார், கவனித்தீர்களா? அதைப் பிடித்தால்தான் முதல்வர் வருவார். வார்த்தையை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஆளைப் பிடிப்பது அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

என் பெயர் எடிசன். இதற்கும் சிரித்துவிடுங்க, எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் அப்பா எலக்ட்ரீசியன், அவருக்கு ஆசை. பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். இந்தக் காம்பவுண்டுக்குள் நான் பேசாத குரல் கிடையாது. முதல்வர், பி.டி. சார், லைப்ரரி மேடம், கோவில்பட்டி ஸ்டேஷன் அறிவிப்பு, தண்ணி லாரி பின்னால் வரும்போது போடுகிற சத்தம், எல்லாம் உண்டு. லைப்ரரி மேடம் குரலில் ஒரு தடவை மொத்த பி.எஸ்ஸிக்கும் லீவு விட்டிருக்கிறேன். ஆனால் உங்களை உட்கார வைத்தது அதைச் சொல்வதற்கு இல்லை. நீங்கள் யாரைப் பற்றி எழுத வந்திருக்கிறீர்களோ, அவனை உண்டாக்கியது நான். அவன் ஒரு துரோகி. எழுதிக்கோங்க. து, ரோ, கி.

பேனாவை எடுக்கக் காணோமே! சரி, கேட்டுவிட்டு எழுதுங்க.

பேச்சி பக்கத்துக் காளாம்பட்டி. அவன் அம்மா மாரித்தாய் அத்தை, தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஆபீஸ் என்றதும் நாற்காலி மேஜை என்று நினைத்துவிடாதீங்க, தீப்பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அத்தைக்கு ஒரே பிள்ளை. பேர்தான் பேச்சிமுத்து, நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான். கபடியில் ரைட் கார்னர். அதாவது பாடி வருகிறவனை வலது ஓரத்தில் நின்று கரண்டைக்காலில் பிடிக்கிற வேலை. பாடிப் போகிறவனுக்குத்தான் கைதட்டல் எல்லாம். பிடிக்கிறவனை எவன் பார்க்கிறான்? அவனுக்கும் அது தோதாகத்தான் இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் முதல் வருஷத்திலிருந்து ஒரே பெஞ்சு. நான் பேசுவேன், அவன் கேட்பான். அவன் மாதிரி கேட்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை சார். அப்போதுதான் நான் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்தேன். ஆமாம், கண்டுபிடிப்புதான், பெயருக்கு ஏற்ற மாதிரி.

சொல்கிறேன். எதிராளி கோட்டைத் தாண்டி வரும்போது 'கபடி கபடி கபடி' என்று பாடிக்கொண்டே வருவான் இல்லையா? ஒவ்வொருவன் பாட்டும் ஒவ்வொரு மாதிரி. சிவகாசிக்காரன் ஒருத்தன், பாயசம் குடிக்கிற மாதிரி பாடுவான். சாத்தூர்க்காரன் ஒருத்தன் 'ப'வை விட்டுவிடுவான், 'கடி கடி கடி' என்றுதான் வரும். நான் எல்லாரையும் பாடிக் காட்டுவேன். காட்டும்போதுதான் புரிந்தது. எவனாக இருந்தாலும் சரி, காலை நீட்டுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் பாட்டு மாறும். ஒருத்தனுக்குத் தடிக்கும், ஒருத்தனுக்கு மெலியும். கண்ணால் பார்த்துவிட்டுப் பிடித்தால் தாமதம். காதால் பிடித்தால்?

பேச்சி கண்ணில் ஈரத் துண்டைக் கட்டினேன். மைதானத்தில் நிறுத்தினேன். மாவட்டத்தில் இருக்கிற அத்தனை பேர் பாட்டையும் நான் பாடிக்கொண்டே வருவேன், அவன் என் காலைப் பிடிக்க வேண்டும். முதல் மாசம் என் சட்டையைத்தான் பிடித்தான். இரண்டாவது மாசத்திலிருந்து நான் கால் நீட்டுகிறேன் என்று நினைப்பதற்குள் தரையில் கிடப்பேன். பி.டி. சார் கோமதிநாயகம் வந்து பார்த்துவிட்டு, "எலே எடிசா, வாழ்க்கையில முதல் தடவையா உன் வாய் ஒரு உபயோகத்துக்கு வந்திருக்குடே" என்றார். மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொல்வார். இப்படி.

இப்போது டிவியில் பேட்டி வருகிறதே, பார்த்திருப்பீங்க. "உங்களுக்கு இந்தப் பிடியை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்கிறார்கள். "கோமதிநாயகம் சார்" என்கிறான். அவ்வளவுதான். எடிசன் என்று ஒரு வார்த்தை? மூன்று எழுத்து கூட்டிச் சொல்ல என்ன கஷ்டம்? சரி, நாலு. ஆனால் அது துரோகம் இல்லை சார், அதெல்லாம் சில்லறை. அதை நான் மன்னித்துவிட்டேன்.

ஏலத்துக்கு வருகிறேன். டிவியில் வருகிற அந்த லீக்குக்கு வீரர்களை ஏலம் எடுப்பார்கள் இல்லையா? பி.டி. சார் எங்கெங்கோ எழுதிப் போட்டுப் பட்டியலில் பேச்சி பெயரைச் சேர்த்துவிட்டார். அன்று மத்தியானம் கல்லூரியே ஸ்போர்ட்ஸ் ரூமில். சுவரில் திரையைக் கட்டியாயிற்று. மாரித்தாய் அத்தை வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தலையில் கனகாம்பரத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு மணி நேரம் கழித்து அவன் படம் வந்தது. ஏலம் விடுகிறவர், "பெச்சீ மட்டு, ரைட் கார்னர்" என்றார். ஒரு கை தூக்கவில்லை. சுத்தியலை ஒரு தட்டு. "அன்சோல்ட்." அடுத்த ஆள். எண்ணினேன், மொத்தம் எட்டு நொடி.

அத்தை என்னிடம் திரும்பி, "என்னய்யா சொல்லிட்டாக? எடுத்துட்டாகளா?" என்று கேட்டாள். பேச்சி எழுந்து வெளியே போய்விட்டான். ரூமே செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தாங்காது சார் அதெல்லாம். எழுந்து, "பெச்சீ மட்டு! பெச்சீ மட்டு!" என்று அந்த ஏலக்காரர் குரலைப் போட்டேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அப்படித்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

நாலு நாள் கழித்து, எங்கள் சித்தப்பா போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். என்னுடைய இத்தனை வருஷத்தில் நான் போட்ட குரல்களிலேயே உசத்தி அதுதான். கேளுங்க. "ஹலோ... பேச்சி முட்டூ? ஐ ஆம் மல்ஹோத்ரா. மேனேஜர், சோலாப்பூர் டீம். தோடா தோடா டமில் தெரியும், மெட்ராஸ்ல ரெண்டு சால்... வருஷம் வேலை. நம்ம டீம்ல ஒரு கார்னர் ஷார்ட். ட்யூஸ்டே கேம்ப். வரியா?" எப்படி? உங்களுக்கே ஒரு மல்ஹோத்ரா கண்ணில் தெரிகிறார் இல்லையா? வயிறு கொஞ்சம் பெரிசு, கையில் இரண்டு மோதிரம். அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது. நான் செய்தது.

மல்ஹோத்ராவை முழுசாகப் பேச விட்டான். பிறகு, "சரி சார்" என்றான். அவ்வளவுதான். நான் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. அதற்குள் அத்தை போனைப் பிடுங்கிவிட்டாள். "அய்யா, ஒத்தப் பிள்ளைய்யா. அவன் வாய் தொறந்து பசிக்குன்னு கேக்க மாட்டான்யா. நீங்கதான் பாத்துப் போடணும்" என்று அழுகிறாள். நான் என்ன செய்வேன்? "அம்மா, டோன்ட் ஒர்ரி அம்மா. பேச்சி நம்ம பையன்" என்றேன். "நீங்க சாப்பிட்டீங்களாய்யா?" என்று கேட்டாள் சார், மல்ஹோத்ராவை! சிரிப்பை அடக்கிச் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன். மும்பை போகிற வண்டி, சோலாப்பூர் வழிதான் போகும். நான் போய்ச் சொல்லிவிடத்தான் கிளம்பினேன். போய்ப் பார்த்தால் பி.டி. சார் ஆளுயர மாலையோடு நிற்கிறார். பசங்கள் கொட்டு கொண்டுவந்திருக்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைகள் பன்னிரண்டு பேர் வந்திருக்கிறார்கள். இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்க. பேச்சி கதவோரம் நின்றுகொண்டு என்னையே பார்த்தான். என்னையே.

"என்னலே பாக்க?" என்றேன்.

"எதுவும் சொல்லணுமாலே?" என்றான்.

பி.டி. சார் பக்கத்தில் நிற்கிறார். அத்தை நிற்கிறாள். எனக்கு வாயில் வந்தது ஸ்டேஷன் அறிவிப்புதான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சோலாப்பூர் செல்லும் பேச்சிமுத்து அவர்கள், இன்னும் சற்று நேரத்தில், கண் கலங்குவார்." பிளாட்பாரமே சிரித்தது. ஒரு போர்ட்டர் நிஜம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது.

சாத்தூர் தாண்டினதும் போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பிறகு, விருதுநகர் வரட்டும் என்று இருந்தேன். மதுரையில் இறங்கிவிட்டால் திரும்ப பஸ் சுலபம். வண்டி மதுரை வருகிற நேரத்துக்குப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். நான் என்ன செய்ய முடியும்? அவன் போனை அணைத்து வைத்தது என் குற்றமா?

அடுத்த பத்து நாள் எப்படி இருந்தேன் என்று கேட்காதீங்க. அத்தை தினமும் கல்லூரி வாசலுக்கு வந்துவிடுவாள். "எய்யா எடிசா, பிள்ளைகிட்டேயிருந்து ஒரு போனும் வரல, அந்த மல்லோத்தரா சாருக்குப் போட்டுக் குடேன்" என்பாள். மூன்று தடவை போட்டுக் கொடுத்தேன். ராத்திரி அவரே பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவார் என்று அவளை அனுப்பிவிட்டு, ஆமாம் சார், மொட்டை மாடியிலிருந்து. "பேச்சி நல்லா சாப்பிடுறான் அம்மா. பிராக்டிஸ்ல இருக்கான்" என்றேன். மூன்றாவது தடவை அவளுக்கு மூட்டுவலிக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று மல்ஹோத்ராவே சொல்லிவிட்டார். அந்தத் தைலத்தைத்தான் இன்றைக்கும் தேய்க்கிறாள், குணமாகிவிட்டதாம். அப்படிப்பட்ட குரல்!

பதினோராவது நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஹாஸ்டலில் ஒரே கூச்சல். டிவியில் சோலாப்பூர் ஆட்டம். கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மாற்று ஆளாக உள்ளே வருகிறான், எண் நாற்பத்து நாலு. யார்? எங்கள் பேச்சி! நான் தட்டைக் கீழே போட்டுவிட்டேன். முதல் ரெய்டுக்கு வந்தவன் இந்தியா டீமில் ஆடுகிறவன், ஏலத்தில் கடைசி வரை எல்லாரும் கைதூக்கினார்களே, அவன். பாடிக்கொண்டே வந்தான். பேச்சி தலையைச் சாய்த்துக் கேட்கிறான், எனக்கு மட்டும்தான் தெரியும் அவன் கேட்கிறான் என்று. விழுந்தான் பாருங்க அந்தப் பெரிய ஆள், வாழை மரம் மாதிரி! வர்ணனைக்காரர், "யார் இந்தப் பையன்? நம்மிடம் இவரைப் பற்றிக் குறிப்பே இல்லையே!" என்றார். பத்து நிமிஷத்தில் மூன்று பேரைப் பிடித்தான். ஹாஸ்டலில் நான் அழுததை எவனாவது சொன்னால் நம்பாதீங்க.

அதற்குப் பிறகு உங்களுக்கே தெரியும். இருபது ஆட்டம், அறுபத்தொரு பாயிண்ட். எவனும் வாங்காத ஆள்! சீசன் பாதிக்குள் வர்ணனைக்காரர்கள் எல்லாரும் பெயரைச் சுத்தமாகச் சொல்லப் பழகிவிட்டார்கள். பேட்டியில் கேட்கிறார்கள், "ஏலத்தில் போகாத நீங்கள் எப்படி இந்த அணிக்குள் வந்தீர்கள்?" பேச்சி சொல்கிறான், "கூப்பிட்டாங்க, போனேன்." எந்தப் பேட்டியிலும் அதேதான். கூப்பிட்டாங்க, போனேன்.

கூப்பிட்டது யார் சார்? நான்! நான் கூப்பிடாவிட்டால் அவன் காளாம்பட்டியில் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு இருப்பான். விளையாட்டுக்குச் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செய்தது நான்தானே? உள்ளுக்குள் வைத்துக்கொண்டு மூன்று மாசம் புழுங்கினேன். ஒருநாள் அவனிடம் நேரில் சொல்ல வேண்டும், அவன் அப்படியே வாயைப் பிளந்து, "எலே எடிசா, நீயாலே அது!" என்று கட்டிப்பிடிக்க வேண்டும். அவன் முகம் எப்படிப் போகும் என்று கண்ணாடி முன்னால் நானே செய்து பார்த்திருக்கிறேன்.

டீம் சென்னைக்கு ஆட வந்தது. பி.டி. சாரும் நாங்கள் நாலு பேரும் போனோம். ஆட்டம் முடிந்து அவர்கள் தங்கியிருந்த ஹோட்டல் வாசலில் நின்றோம். பி.டி. சார் பசங்களைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார். நான் போகவில்லை, தனியாகப் பார்க்க வேண்டும் என்று. முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான்.

"எலே, அன்னிக்கு உனக்கு வந்த போன் யாரு பண்ணதுன்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்? மல்ஹோத்ரான்னு நினைச்சுட்டிருக்கே. அது நான்தாம்லே!"

"தெரியும்னுதான சொல்லுதேன்."

 "எப்பத் தெரியும்?"

"ஹலோன்னதும்."

"சும்மா கதை விடாத. அந்தக் குரல்ல எங்க அப்பாவே ஏமாந்துட்டாரு."

"குரல் மாத்துறதுக்கு முன்னால மூக்குல ஒரு மூச்சு இழுப்பே. போன்லயும் இழுத்தே."

சார், அவன் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் பரவாயில்லை. கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னான்.

"பொறவு எதுக்குலே போனே?"

அன்றைக்குத்தான் அவன் நாலு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டேன். "அம்மா போனை வாங்கிட்டா. அவ அழும்போது நிறுத்திருவேன்னு பாத்தேன். நீ நிறுத்தல. ஸ்டேஷன்ல சொல்லுவேன்னு பாத்தேன். வாயைத் தொறந்து கேக்கவும் செஞ்சேன். நீ அறிவிப்பு போட்டே. ஊரே மாலை போட்டு அனுப்புது, எந்த மூஞ்சிய வச்சு இறங்க? வண்டியில ரெண்டு ராத்திரி. எங்க போறதுன்னு தெரியல, டிக்கெட்டு அந்த ஊருக்கு இருக்கு, போனேன். கேம்ப் கேட்ல மூணு நாளு நின்னேன். செக்யூரிட்டி விடல. எதுத்தாப்புல கோயில்ல சாப்பாடு போட்டாங்க. மூணாவது நாளு அவங்க கார்னருக்கு முட்டி போயிருச்சு, பிராக்டிஸுக்கு ஏழு பேர் சேரல. கோச் வாசலப் பாத்து, 'அந்தப் பையன் யாரு, மூணு நாளா நிக்கான், வரச் சொல்லு'ன்னாரு. கூப்பிட்டாங்க. போனேன்."

"அப்போ கூப்பிட்டது நான் இல்லையா?" என்றேன்.

"நீ இல்ல."

பிறகு ஐஸ் பையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, "இனிமே நம்ம பேச வேண்டாம் எடிசா. நீ வாயைத் தொறந்தா, இப்பப் பேசுறது யாருன்னு பாத்துட்டே இருக்க வேண்டியிருக்கு. ஆட்டத்துலதான் அப்படி நிக்கேன். உன்கிட்டயும் நிக்க முடியாது" என்றான். உள்ளே போய்விட்டான்.

இப்போது சொல்லுங்க சார், யார் யாரை ஏமாற்றியது? நான் நல்ல மனசோடு ஒருத்தனை ஏமாற்றினேன். அவன் ஏமாறவே இல்லை! ஏமாந்த மாதிரி 'சரி சார்' என்று சொல்லி, மூன்று மாசம் என்னை நம்பவைத்து, என் ஆயுசிலேயே உசத்தியான குரலை... முதல் மூச்சிலேயே தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல்! ஒரு நண்பன் செய்கிற காரியமா இது? "எலே எடிசா, போதும்லே" என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனே! இதைத்தான் துரோகம் என்கிறேன்.

என்ன கேட்டீங்க? மன்னிப்பா?

கேட்டேனே. கேட்கத்தான் பார்த்தேன். அவன் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது வாயைத் திறந்தேன். "அதாவது தம்பி..." என்று முதல்வர் வந்துவிட்டார். நானாகப் போடவில்லை சார், தானாக வந்துவிட்டது. அதைத் தள்ளிவிட்டு மறுபடி திறந்தேன், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பி.டி. சார். என் குரல் எப்படி இருக்கும் என்று கொஞ்ச நேரம் தேடிக்கொண்டு நின்றேன். அதற்குள் லிப்ட் மூடிவிட்டது.

டீ ஆறுகிறது, குடிங்க.

அடுத்து எங்கே போறீங்க? காளாம்பட்டிக்கா, அத்தையைப் பார்க்கவா? போங்க. பஸ்ஸில் ஏறிப் புளியமரம் ஸ்டாப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அத்தை முதலில் சொல்லப்போவது அந்தப் போனைப் பற்றித்தான். ஊருக்கே சொல்லிக்கொண்டு இருக்கிறாள். "என் பிள்ளையை அவுக தேடிக் கூப்பிட்டாக, மல்லோத்தரா சார் என்கிட்டயே பேசுனாக, நம்ம பையன்னு சொன்னாக" என்பாள். தைலத்தையும் காட்டுவாள்.

சார், அங்கே நீங்கள் ஒன்றும் சொல்லிவிடாதீங்க. சும்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கோங்க. மூன்று நாள் கேட்டில் நின்றான் என்றும் சொல்லாதீங்க, கோயில் சோற்றையும் சொல்லாதீங்க. அவள் தாங்க மாட்டாள். அவனும் சொல்லவில்லை பாருங்க, இத்தனை பேட்டியில். அவளுக்காகச் சொல்லாமல் இருக்கிறானா, இல்லை... வேறு யாருக்காகவாவதா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை.

போன் விஷயத்தைப் பத்திரிகையில் போட வேண்டாம். ஆமாம், முதலில் போடச் சொன்னேன், இப்போது வேண்டாம் என்கிறேன். துண்டைக் கட்டிப் பழகினதையும் விட்டுவிடுங்க, அதுவும் பி.டி. சார் பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். கூப்பிட்டாங்க, போனான் என்று எழுதிவிடுங்க. அதில் பொய் ஒன்றும் இல்லையே.

துரோகி என்பது மட்டும் இருக்கட்டும். யார் சொன்னது என்று கேட்டால், சொன்னவன் பெயர் சொல்ல விரும்பவில்லை என்று போட்டுவிடுங்க.